பழைய கூட்டாளி தொட்ட பை

மலையுச்சியில் தன் அதிவேகப் பாராகிளைடரை விரித்துவிட்டு, இருக்கைப் பையைச் சோதித்தவன் திடுக்கிட்டான். அவசரப் பாராசூட்டின் கைப்பிடியில் புது நூல் கட்டியிருந்தது.

"யாரு இதைத் தொட்டது?"

வழியனுப்ப வந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும்?"

போன வாரம் அவன் வெளியூர் போயிருந்தபோது முன்பு சேர்ந்து பறந்த பழைய கூட்டாளி வந்து போனதாக எதிர்வீட்டுக்காரர் நமட்டுச் சிரிப்போடு சொன்னது சுருக்கென்று தைத்தது. போட்டியில் சண்டை போட்டு, இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவனுக்கு என் வீட்டில் என்ன வேலை? பறக்கும் வேகத்தில் பாராகிளைடரின் இறக்கை மடங்கினால் உயிர் பிழைக்க இந்தப் பாராசூட் ஒன்றுதானே வழி!

ஆத்திரத்தில் கைப்பிடியைப் பிடுங்கி வீசினான். பாராசூட் மளமளவென்று பிரிந்து குடையாக விரிந்தது. ஒரு குறையும் இல்லை.

மனைவி உடைந்துபோனாள். "ஆறு வருஷமா நீங்க பிரிச்சே பார்க்கலை. எனக்குப் பயமா இருந்துச்சு, அவரைக் கூப்பிட்டேன். ஈரத்துல ஒட்டிக் கட்டையாக் கிடந்துச்சாம். காயவச்சு மடிச்சுக் கொடுத்தாரு. அவர் மடிச்சதுன்னு தெரிஞ்சா நீங்க தொடமாட்டீங்களே!"

அவன் அதை மெல்லச் சுருட்டினான்.

"அவன் நம்பர் உன்கிட்ட இருக்கில்ல? குடு. இதைத் திரும்ப மடிக்கணும்."