கொதிக்கவிடாத ரேடியேட்டர்

பழைய லாரி ஒன்றை நீராவியில் ஓடும்படி மாற்றினார்கள். டீசல் டாங்கி இருந்த இடத்தில் புது பாய்லர் வந்து உட்கார்ந்தது. அடுப்பை மூட்டியதும் அதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

லாரியின் பழைய ரேடியேட்டர் பதறிப்போனது. தண்ணீரைக் கொதிக்கவிடாமல் காப்பதற்கென்றே பிறந்த ஜீவன் அது.

"தம்பி, கொதிக்குதுடா!" என்று பாய்லரிடம் கத்தியது.

"கொதிச்சாத்தாண்ணே வண்டி நகரும்."

"அப்போ எனக்கு இங்க என்ன வேலை? காயலான் கடைதான் கதியா?"

பாய்லர் வாய் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இன்ஜினைத் தள்ளித் தள்ளிக் களைத்த நீராவி, ரேடியேட்டருக்குள் வந்து விழுந்தது. பழக்க தோஷத்தில் அதை ஆற்றி அனுப்பியது ரேடியேட்டர். ஆறிய நீராவி தண்ணீராகிப் பாய்லருக்கே திரும்பியது.

"நீ மட்டும் இல்லேன்னா வறண்டே போயிருப்பேண்ணே," என்றது பாய்லர்.

ரேடியேட்டருக்கு அப்பாடா என்றிருந்தது. எதிரே பெரிய மேடு தெரிந்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் நல்லாக் கொதியேன்டா. நான் இருக்கேன்ல!"