இறங்கிய கோடு

புரொஜெக்டரிலிருந்து வகுப்பறைச் சுவரில் விழுந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு சறுக்குமரத்தில் வருவது போல வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது.

"பார்த்தீங்களா சார்? முதல் மாசம் பதினேழு சம்பவம். அடுத்த மாசம் ஒம்போது. கடைசி ரெண்டு மாசமா பூஜ்யம்" என்றார் பள்ளியின் நலத்திட்ட ஒருங்கிணைப்பாளர். பூஜ்யத்தைத் தாமே கண்டுபிடித்தவரின் அடக்கம் அந்தக் குரலில் இருந்தது.

அப்பா, எட்டு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். லேத் மெஷினில் இருபது வருஷம். இரும்பைத் தலைமுடி அளவுக்குச் சீவித் தருகிறவர். யாராவது எதையாவது அளந்து காட்டிவிட்டால் நம்பிவிடுவார்.

"சம்பவம்னா?"

"கத்துறது, காதைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில போறது, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வர மாட்டேங்கிறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு படிவம். ரெண்டு மாசமா ஒரு படிவம்கூட வரலை."

அப்பாவுக்கு அந்த கேட் நன்றாகத் தெரியும். பாப்பா கம்பியைப் பிடித்தால் விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தை, மணிச் சத்தமும் கூச்சலும் அவளுக்கு அடி விழுகிற மாதிரி என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தெரிந்தும் ஒருநாள் அவளை அள்ளி ஆட்டோவில் திணித்தார். அன்றைக்கு அவள் கடித்த தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது. அதன் மேல்தான் இப்போது கைக்கடிகாரம் கட்டுகிறார்.

பாப்பா பள்ளிக்குப் போகவில்லை என்று தெரிந்தால் அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது. தட்டை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பிறகு ஷிஃப்ட் மாறியது. விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு. "பாப்பா எப்படி?" என்று கேட்பார். "ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம்ங்க. அழவே இல்லை" என்பாள் அம்மா. அவர் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்.

இன்று சனிக்கிழமை. குழந்தையை அழைத்துவர வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அவளைப் பற்றி முடிவெடுக்கும்போது அவள் குறுக்கே இருக்கக் கூடாதாம். வீட்டில் சித்தியிடம் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

"எங்க பள்ளியில குழந்தைக்கு முழுச் சுதந்திரம்" என்றார் தலைமையாசிரியை. "வகுப்பில இல்லேன்னா அமைதி அறையில துணை டீச்சர்கிட்ட இருப்பா. அங்க இல்லேன்னா வகுப்பில இருப்பா. தேடிப் போய் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஆர்டரே போட்டிருக்கேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா பயப்படுறாள்னு அட்டெண்டன்ஸ்லகூட கூப்பிடறதில்லை."

"இதை அடுத்த மாசம் மாநாட்டில கட்டுரையா வாசிக்கிறோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அம்மா மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "மேடம், ஒரு விஷயம்..."

"கேள்வியெல்லாம் கடைசியிலம்மா."

அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பதிலுக்குத் தாமும் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. "வீட்லயும் நல்ல மாற்றம்தாங்க மேடம். அவ போற நாலாம் நம்பர் பஸ் நிக்கிற இடமெல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடம் மூணாவது ஸ்டாப்புதான். அவ டிப்போ வரைக்கும் இருபத்தாறையும் மூச்சு விடாம ஒப்பிக்கிறா. திரும்பி வர்ற வரிசையும் தப்பாம சொல்றா."

ஒருங்கிணைப்பாளர் உடனே எழுதிக்கொண்டார்: 'நினைவாற்றல் – குறிப்பிடத்தக்க மேம்பாடு. காரணம் – நமது திட்டம்.'

தலைமையாசிரியை ஒரு தாளை நகர்த்தினார். மேலே தடித்த எழுத்தில் 'இனி உதவி தேவையில்லை' என்றிருந்தது. "துணை டீச்சர் திங்கள்கிழமையிலிருந்து வேற பள்ளிக்குப் போறாங்க. அமைதி அறையை விருந்தினர் அறை ஆக்கிடுவோம். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"ஒருவேளை மறுபடியும் வர மாட்டேன்னு அடம் பிடிச்சா?"

"முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இடம் வச்சிருக்க முடியாது, பேரை எடுத்துடுவோம்." தலைமையாசிரியை சிரித்தார். "ஆனா உங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கவலை? கோடு எங்க இருக்குன்னு பாருங்க."

அப்பா பார்த்தார். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

அம்மாவின் உள்ளங்கை தாளின் மேல் வந்து விழுந்தது.

"போடாதீங்க."

"ஏன்? நல்லாத்தானே போயிட்டு வர்றா?"

அவள் மற்ற இருவரையும் பார்க்கவில்லை. அவருடைய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமா நாங்க அந்த பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லைங்க."