மாலை போட்ட எறும்பு

அலமாரியில் ஒரு பழைய படப் புத்தகம் இருந்தது. அதில் ஓர் எறும்பு, தன் புற்றை மிதித்த யானையை வழிமறித்து முப்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் அதே கதையின் புதிய பதிப்பு பக்கத்தில் வந்து சேர்ந்தது.

“என்ன தம்பி, யானையை மடக்கிட்டீங்களா?” என்று பழைய எறும்பு மிடுக்காகக் கேட்டது.

“மடக்குறதா? நாங்க அவருக்கு மாலையில்ல போடுறோம், அண்ணே!” என்றது புதிய புத்தகத்தின் எறும்பு.

பழைய எறும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மானங்கெட்டவனே, எவன்டா மாத்தினான்?”

“தெரியல. நான் அச்சாகும்போதே கையில மாலை இருந்துச்சு.”

“இருக்கட்டும். உன்னை வாங்கிவந்த முல்லைக்கொடி, சின்னப் பிள்ளையில என் பக்கத்தைப் பார்த்து ‘விடாதே, விடாதே’ன்னு கத்தினவ. மகளுக்கு உண்மைக் கதையைத்தான் சொல்லுவா, பாரு.”

அன்றைக்கே முல்லைக்கொடி புதிய புத்தகத்தை மகளுக்கு வாசித்தாள். மகள் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“புத்தை மிதிச்ச யானைக்கு எதுக்கும்மா மாலை?”

பழைய எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

“அவர் பெரியவர், கண்ணு. அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்றாள் முல்லைக்கொடி.

யானைக்கு அஞ்சாத அந்த எறும்பு, அவள் குரலைக் கேட்டு ஓரடி பின்வாங்கியது.