ஒன்பதாம் நம்பர் செருப்பு

வேலைக்குக் கிளம்பியவள் கதவருகே நின்றாள். கையில் அப்பாவின் செருப்பு. ஒன்பதாம் நம்பர்.

ஏழு மாதமாக இதுதான் வழக்கம். காலையில் அதை வாசலில் வைத்தால், அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். மாலையில் உள்ளே எடுத்துவிட்டால், மறுபடி மில்லுக்குப் போய்விட்டார். பகலில் வெளியே பூட்டுகூடப் போடுவதில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது யார் பூட்டுவார்கள்?

அப்பா இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாள்.

கோவையில் வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. தனியாக வரும் பெண்ணுக்கு யாரும் தருவதாக இல்லை. பதினோராவது வீட்டில் அப்பா கைகூப்பினார்.

"நானும் புள்ளையோடதாம்மா இருக்கப் போறேன். மில்லுல ராத்திரி வேல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது சிவந்துவிட்டது.

அன்று சாயங்காலம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஊருக்கு பஸ் ஏறினார். ஊரில் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ஊர் வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர். இருபத்தாறு வயதிலும் அம்மாவின் சேலையைத் திரையாகக் கட்டித்தான் உடை மாற்றினாள்.

இங்கே ஒரு ஜன்னல், ஒரு தாழ்ப்பாள். முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதுதான் இப்போது வலிக்கிறது.

போனில் கேட்டபோதெல்லாம், செருப்பு வாங்கிவிட்டேன் என்றார் அப்பா. கறுப்புக் கலர் என்றுகூடச் சொன்னார்.

போன மாதம் ஊருக்குப் போனாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் ரோட்டுத் தார்.

எல்லோரும் போன பிறகு வாசலில் தேடினாள். கட்டிலுக்கு அடியிலும் தேடினாள்.

கறுப்பில் எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுத்தான் திரும்பினாள். சொந்தத்தில் கல்யாணம் என்று இங்கே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். வீடு போனால் மறுபடி அந்தச் சேலைத் திரைதான். அதற்காகவா அப்பா ஏழு மாதம் வெறுங்காலோடு நடந்தார்?

துவைத்த துணி வாளியோடு வீட்டுக்கார அம்மா படியேறி வந்தாள்.

"கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா கண்ணு? அப்பா வந்துட்டாருங்களா?"

அழக் கூடாது.

குனிந்து செருப்பைக் கதவோரம் வைத்தாள். ஜோடியாக, நேராக.

"வந்துட்டாருங்க. படுத்திருக்காரு."

வீட்டுக்கார அம்மா வாளியை ஓசைப்படாமல் இறக்கி வைத்தாள். கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, டிவியைக் குறைக்கச் சொல்லிக் கீழே கையைக் காட்டினாள்.

சத்தம் குறைந்தது.

கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவளும் மெதுவாகத்தான் வேலைக்குப் படியிறங்கினாள்.