மீசைக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் இந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தான் என்பதை எப்படி நிரூபிப்பது? தம்பிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளிநாட்டுக்கு வெல்டராக வந்த அண்ணனிடமிருந்து போன் வருவது திடீரென்று நின்றுவிட்டது. அண்ணியும் அவனும் தேடி வந்தால், அப்படி ஒரு ஆளே இங்கே இருந்ததில்லை என்கிறது கம்பெனி.

"இங்க இருந்தார்னு நிரூபிச்சாத்தான் வழக்கே நிக்கும்," என்றார் வக்கீல்.

"கூட வேலை பார்த்தவங்க சொல்ல மாட்டாங்களா சார்?" என்றாள் அண்ணி.

"சாட்சின்னாலே ஓடிடறாங்கம்மா. வேலை போயிடும்னு பயம்."

"நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்றான் தம்பி.

"நீங்க வாயைத் திறந்தா நிக்கறவங்களும் ஓடிடுவாங்க," என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்தபடி. ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்தே அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

வக்கீல் அவனை உற்றுப் பார்த்தார். "நீங்க பேசவே வேண்டாம். மீசையை எடுத்துட்டு, சாயங்காலம் ஷிப்ட் விடறப்ப கேட்டுக்கு எதிரே நில்லுங்க, போதும்."

"மீசைக்கும் கேஸுக்கும் என்ன சார் சம்பந்தம்? ஆசையா வளர்த்தது!"

"அது வளர்ந்த லட்சணம் தெரியாதா? எடுங்க," என்றாள் அண்ணி.

சாயங்காலம் சங்கு ஊதியது. வெளியே வந்த கூட்டத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்.

"அடப்பாவி வெல்டரு! எங்கய்யா போய்த் தொலைஞ்ச? உன் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில பத்திரமா வச்சிருக்கேன்!"

இன்னும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வக்கீலின் செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

அண்ணி அப்போதுதான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

அண்ணனும் தம்பியும் இரட்டையர். அந்த மீசை ஒன்றுதான் வித்தியாசம்.