சத்து மாத்திரை டப்பா

நாத்தனாரின் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்ததும் அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அது அவளுடைய மாத்திரை.

பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்க வேண்டிய டப்பா மாமியார் கையில் இருந்தது. வெளியே சத்து மாத்திரை என்று லேபிள். உள்ளே வலிப்பு மாத்திரை.

எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா வலிப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. பதினாலு வயதில் வந்தது, மாத்திரையில் அடங்கித்தானே கிடக்கிறது, ஊரெல்லாம் தமுக்கடிக்க வேண்டுமா என்றாள். கல்யாணத்துக்கு முன்பே அட்டை அட்டையாகப் பிதுக்கி டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள். கெட்டிக்கார அம்மா.

டாக்டர் மட்டும் எச்சரித்திருந்தார். கல்யாணம் நிச்சயமானதும் வா, மருந்தை மாற்ற வேண்டும், கர்ப்பத்தில் இது குழந்தையைப் பாதிக்கும் என்று. பத்திரிகை வைக்கிற அலைச்சலில் யாரும் அங்கே போகவில்லை.

நாத்தனார் பவானிக்கு இது இரண்டாம் மாதம். வாந்தி தாங்காமல் தாய்வீடு வந்திருந்தாள். வாயும் வயிறுமாக இருப்பவளுக்குச் சத்து வேண்டாமா என்று மாமியார்தான் டப்பாவை எடுத்து வந்திருக்கிறாள்.

பவானி தண்ணீர் டம்ளரைத் தூக்கினாள்.

அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். தண்ணீர் பவானியின் மடியெல்லாம் கொட்டியது. மாத்திரை கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"பல்லி விழுந்துச்சு" என்றாள். வாய்க்கு வந்தது அதுதான்.

பவானி அண்ணாந்து பார்த்தாள். எங்கும் பல்லி இல்லை. மாமியார் சிரித்துக்கொண்டே டப்பாவை மறுபடியும் கவிழ்த்தாள். மகளின் கையில் இன்னொன்று விழுந்தது.

காலையில்தான் மாமியார் அவளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டிருந்தாள். சொன்னால் இந்த வீடே இல்லை.

பவானி வாயைத் திறந்தாள்.

"வேணாம் பவானி. அது எனக்கு வலிப்புக்குக் குடுத்த மாத்திரை. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

நிமிர்ந்தபோது பவானியின் கை வயிற்றில் இருந்தது.

"அண்ணி, நேத்தும் முந்தாநாளும் போட்டேனே?"