மெயில் ஏறாத தண்டவாளம்

தடம் பிரியும் இடத்துக்கான இரண்டு கூர்த் தண்டவாளங்களையும் சவரியப்பனும் பொன்னுரங்கமும் ஆளுக்கொன்றாக உளியால் செதுக்கி, அரத்தால் ராவினார்கள். இரண்டு மாத வேலை. நுனி கத்திபோல மெலிந்து, பக்கத்துத் தண்டவாளத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். மேஸ்திரி நடுவில் பீடி இலையைச் செருகிப் பார்த்தார். சவரியப்பன் செய்ததில் நுழைந்தது. மறுபடி ராவச் சொன்னார். பொன்னுரங்கம் செய்ததில் நுழையவே இல்லை. தடத்தில் பொருத்திய பிறகு அந்தக் கர்வம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. சவரியப்பனுடையது நேர்த்தடத்துக்கு உரியது. தினமும் மெயில் ஏறி ஏறிக் கண்ணாடியாகிவிட்டது. பொன்னுரங்கத்துடையது குடோனுக்குத் திரும்பும் தடத்துக்கு. எப்போதாவது ஓர் உப்பு வேகன் உருளும். மற்ற நாளெல்லாம் துரு. ஞாயிற்றுக்கிழமை புருஷனின் வேலையைப் பார்க்க வந்த பொன்னுரங்கத்தின் மனைவி தைலம்மை, சவரியப்பனின் தண்டவாளத்தில்தான் குனிந்து முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

மறுநாள் காலையிலேயே பொன்னுரங்கம் செங்கல் பொடியும் சாக்குமாக வந்து தன்னுடையதைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான். தடம் மாற்றும் லீவரைப் பிடிக்கும் காசிம் பாய் அவசரமாக வந்தார்.

"எந்திரிப்பா, மெயில் வர்ற நேரம்."

"பாய், ஒரே ஒரு தடவ மெயில இந்தப் பக்கம் திருப்பி விடுங்க."

"பைத்தியமா உனக்கு? நேரா குடோன் சுவத்துல போய் முட்டும்!"

பொன்னுரங்கம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"முட்டட்டும் பாய். அதுக்கு முன்னாடி என்னுது மேல ஏறித்தானே போகணும்."